பழைய சாகசங்களுக்குப் புதிய பதிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1974இல் அமெரிக்காவில் அறிமுகமான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கதைவழி மேசை விளையாட்டுக்காக 1983இல் வந்த 'ரேவன்லாஃப்ட்' சாகசம் (ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி ஆடுவதற்கான கதைத்திட்ட நூல்), 2016இல் 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' என்னும் பெரிய நூலாக விரிந்தபோது, பெரும்பாலும் ஒரு கோட்டைக்குள் நடந்த கதை பள்ளத்தாக்கு முழுவதும் பரவியது. ஆயினும், சீட்டில் குறி பார்த்து முக்கியப் பொருள்களின் இருப்பிடத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றும் பழைய உத்தி அப்படியே காக்கப்பட்டது. மறுபதிப்பாளர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். அந்நூலில் நாடோடி மக்களான விஸ்தானியரை இழிவான முன்முடிவுகளோடு சித்திரித்த பகுதிகளை 2020இல் திருத்தியதும் சரியே. அதைக் குறைசொல்லும் பழைய ரசிகர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனால், 1978இல் வெளியான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' போன்ற, அடிக்கு அடி கொலைப்பொறி வைத்த சாகசத்தை எந்தப் பாத்திரமும் சாகாதபடி மென்மையாக்குவதைவிட, மறுபடி அச்சிடாமலே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை