வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஆயத்த நாட்களான அட்வெந்து தொடங்கியதுமே, புது வருஷத்துக்கென்று ஒவ்வொருவரும் எடுக்கும் வேதவசனச் சீட்டான வாக்குத்தத்த அட்டைக்கு வசனம் பொறுக்கும் வேலையும் சபைகளில் தொடங்கிவிடும். டிசம்பர் 31 இரவு தட்டிலிருந்து எடுக்கும் அட்டை வேதாகமத்துக்குள் போகிறது. அடுத்த டிசம்பரில் புதியது வந்துவிடும். பழையது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நன்றியாகக் கொடுக்கும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் 'செய்த நன்மைகளுக்காக' என்று பொதுவாக எழுதிப் போடுவதோடு சரி.

லூக்கா முதல் இரண்டு அதிகாரங்களில் நன்றி இப்படி மொட்டையாக இல்லை. மரியாள் ஆபிரகாமின் பேரைச் சொல்லி, பிதாக்களுக்குச் சொன்ன சொல்லை நினைக்கிறாள். யோவான் ஸ்நானகனின் தகப்பன் சகரியாவின் பாட்டு 12 வசனம் (1:68–79). தள்ளாத வயதில் பிறந்த சொந்தப் பிள்ளைக்கு அதில் நேராகக் கிடைப்பது இரண்டே வசனம் (76, 77). மற்றதில் தாவீதின் வம்சமும் ஆபிரகாமுக்கு இட்ட ஆணையும்தான். மேசியாவுக்காகக் காத்திருந்த சிமியோன் தேவாலயத்தில் கையில் ஏந்தியது 40 நாள் குழந்தையான இயேசுவை (லேவியராகமம் 12-இன் கணக்கு: 7 நாளும் 33 நாளும்). கூட வந்த காணிக்கையோ, ஆட்டுக்குட்டிக்கு வழியில்லாதவர்களுக்கு அனுமதித்த புறா ஜோடி. தேசத்தில் ரோமர் ஆட்சி அப்படியே இருக்கிறது. ஆனாலும் 'உமது வார்த்தையின்படி' என்று அவர் ஸ்தோத்தரிக்கிறார். அதே இடத்தில் நின்று, மரியாளின் ஆத்துமாவை உருவிப்போகும் பட்டயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறார்.

நம் அட்டைகளில் கோளாறு வசனத்தை வெட்டுவதில் தொடங்குகிறது. 'உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்' (யோபு 8:7) பல வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. சொன்னவன் யோபின் தோழன் பில்தாத். அவனும் அவன் தோழரும் தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே பிறகு கடிந்துகொண்டார் (42:7). 'எதிர்பார்த்திருக்கும் முடிவை' வாக்களிக்கும் எரேமியா 29:11 பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருவது. அதற்கு முந்திய வசனத்தில் 70 வருஷம் என்ற கணக்கு இருக்கிறது. அதுவரை வீடு கட்டி, தோட்டம் நாட்டிக் குடியிருங்கள் என்கிறது 5-ஆம் வசனம். அதை விட்டுவிட்டு அச்சடித்தால், 12 மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லையே என்று எடுத்தவர் மனம் சோர்ந்துபோகிறார். 'இவைகளையெல்லாம் உமக்குத் தருவேன்' என்று மத்தேயு 4:9-இல் சொன்னது சாத்தான் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்! சங்கீதம் 91-ஐ எடுத்துக்காட்டியபோது 'உன் வழிகளிலெல்லாம்' என்பதை விழுங்கியவனும் அவன்தான்.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் ஊரைச் சேர்ந்த மொராவிய சபையார் (ஹெர்ன்ஹூட் சகோதரர்கள்) 1728 முதல் அன்றாட வசனம் கொடுத்து வருகிறார்கள். 1731 முதல் அது புத்தகமாகவே வருகிறது. (1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறியவர்களும் அவர்கள்தான்.) பழைய ஏற்பாட்டு வசனத்தை அவர்கள் சீட்டுப்போட்டு எடுத்தாலும், அதற்கு இணையான புதிய ஏற்பாட்டு வசனத்தை ஆள் உட்கார்ந்து தேடித்தான் சேர்க்கிறார்கள். நமக்கும் அந்த இரண்டாவது வேலை வேண்டும். சொன்னவர் யார், கேட்டவர் யார், 'இருந்தால்', 'செய்தால்' என்று நிபந்தனை உண்டா என்பதை ஒவ்வொரு வசனத்துக்கும் பார்க்க வேண்டும். 250 குடும்பத்துக்கு 250 வசனம் தேட வேண்டியதில்லை. நன்றாகப் பார்த்த 50 வசனத்தை ஐந்து ஐந்தாக அச்சடித்தால் போதும்.

அளவு 9 செ.மீ.க்கு 5.5 செ.மீ. என்றால் ஒரு ஏ4 தாளில் பத்து அட்டை. ஆக 25 தாள். வசனம் முழுதாக, 10 பாயிண்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். நீண்ட வசனத்தை எழுத்தைச் சிறிதாக்கி அடைப்பதைவிட வேறு வசனம் எடுப்பது மேல். இரண்டு பக்கமும் பளபளக்கும் ஆர்ட் அட்டை வேண்டாம். பேனா மை அதில் ஒட்டாமல் இழுவிவிடும். பின்பக்கம் வழவழப்பில்லாமல், வெறுமையாக நான்கு கோடுகளுடன் இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்து வரும் ஞாயிறன்று, லூக்கா 2:22–38 வாசித்த பிறகு, பழைய அட்டையின் பின்பக்கத்தில் நடந்ததைத் தேதியோடு இரண்டு வரி எழுதிக் காணிக்கைத் தட்டில் வைக்கலாம். இன்னும் காத்திருக்கிறவர்கள் 'காத்திருக்கிறேன்' என்றே எழுதட்டும்; அதே பகுதியில் வரும் அன்னாளும் காத்திருந்தவள்தான்; 84 வயது விதவை, தேவாலயத்தை விட்டு நீங்காமல் இருந்தவள். தொலைத்தவர்களுக்காகக் கதவருகே வெற்று அட்டை 20 வைத்திருங்கள். வந்ததை எல்லாம் மைக்கில் வாசிக்க வேண்டாம். அந்த வருடம் வீட்டில் துக்கம் நடந்தவர்களும் அதே வரிசையில்தான் வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை