வேம்பு கழித்த வாசல்

காங்கேயம் பக்கம்,
ஆனி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருக்க வேண்டும். கையில் சீமாறு இருந்தது, கீழே வைக்க மனம் வரவில்லை. முழங்கால் வலி என்று எழுதியிருந்தாய். படி ஏறி இறங்குவதைக் குறைத்துக்கொள், ராத்திரி எண்ணெய் தடவிப் படு. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததும் உன் தங்கச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பொங்கலுக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள்.

இங்கே ஒரே சேதிதான். மரம் கழித்தோம்.

தோட்டத்து வீடான நம் சாளைக்கு மேற்கே நிற்கிற வேப்பமரம் உனக்கு மறந்திருக்காது. பத்தாவது பரீட்சைக்கு அதன் அடியில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படித்தோமே, அதேதான். போன ஆடியில் அதன் கொம்பு ஒன்று காற்றுக்கு முறிந்து கூரை மேல் விழுந்து 40 ஓடு உடைந்தது. இந்த வருஷம் காற்றுக்கு முந்திவிட வேண்டும் என்று வைகாசிக் கடைசியில் ஆள் கூப்பிட்டேன். மெஷின் ரம்பத்தோடு நாலு பேர் வந்தார்கள். மத்தியானச் சோற்றுக்குள் அஞ்சு பெரிய கொம்பு தரையில் கிடந்தது.

வேலை எனக்குத் திருப்தியில்லை. கனமான கொம்பை முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொண்டு, அப்புறம் மேலே அறுக்க வேண்டும். அப்போதுதான் பட்டை உரியாது. இவர்கள் நேராக மேலிருந்தே அறுத்தார்கள். ஒரு கொம்பு பாதியிலேயே தன் கனத்துக்குச் சாய்ந்து, தாய்மரத்துப் பட்டையை ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு வந்தது. கொம்பு மரத்தோடு சேருகிற இடம் வளையம் போட்ட மாதிரி தடித்திருக்கும். அந்தத் தடிப்பை விட்டு அறுத்தால்தான் வெட்டுவாயைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடும். அதையும் யாரும் பார்க்கவில்லை. சரி, வேம்பு கெட்டி மரம், தாங்கிக்கொள்ளும்.

என்னால் தாங்க முடியாதது அதற்கு அப்புறம் நடந்ததுதான். விறகாகிற கட்டையெல்லாம் வண்டியில் ஏறியது. மிலாறுக் குச்சி, தழை, மரத்தூள், பட்டைச் சிராய் எல்லாம் வாசல் நிறையக் கிடந்தது. "இதுங்க?" என்றேன். "தழைதானுங்களே, காத்துல போயிரும்" என்றார் மேஸ்திரி.

காற்றில் எங்கே போகும்? இந்தக் காற்றை அவருக்குத் தெரியவில்லை. பாலக்காட்டில் மலை 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்துக்குள் புகுந்து, மழையை அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக நம் மேல் வந்து விழுகிறது. ஆனி, ஆடி முழுக்க மேற்கிலிருந்து கிழக்கே ஒரே வீச்சு. மேற்கே கிடக்கிற சருகு கிழக்கே போகும், ஆனால் தோட்டத்தை விட்டுப் போகாது. மாட்டுக் கட்டுத்தரைக்குள் புகும், தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும், மிச்சமெல்லாம் கிழக்கு வேலிக் கிளுவையில் சிக்கிக்கொள்ளும். கிளுவை முள்ளுக்குள் மாட்டிய வேப்பஞ்சருகைப் பல்லு வைத்த எந்த வாரியாலும் எடுக்க முடியாது, கையை விட்டுத்தான் பொறுக்க வேண்டும். ரெண்டு சாயங்காலம் பொறுக்கினேன். இப்போது அந்த வேலியைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது.

அதனால் முறையை மாற்றிக்கொண்டேன். விடியக்காலை அஞ்சு மணிக்குக் காற்று கொஞ்சம் அடங்கியிருக்கும். அந்த ஒண்ணரை மணி நேரம்தான் நமக்கு. மேற்கே தொடங்கிக் கிழக்கே வார வேண்டும், காற்றும் நம்மோடு சேர்ந்து தள்ளும். ஒரு குவியல் ஆனதும் உடனே சாக்கை நனைத்து மேலே மூடிவிட வேண்டும். மூடாமல் டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது குவியல் இருந்த இடத்தில் வெறும் ஈரம்தான் இருக்கும். எனக்கு ஒரு தடவை அப்படி ஆனது, அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

தழையைப் பச்சையிலேயே வாரக் கூடாது என்பதையும் இப்போதுதான் கற்றுக்கொண்டேன். பச்சையாக இருக்கும்போது இலை மிலாறோடு ஒட்டிக்கொண்டு வாரியில் பின்னிக்கொள்ளும். மூணு நாள் வெயிலில் கிடந்தால் இலை தானாக உதிரும், மிலாறைத் தட்டிக் கட்டு கட்டிவிடலாம். அதற்கு முன்னால் ஆட்டை விட்டேன். வெள்ளாடு ஆறும் பச்சை வேப்பந்தழையை ரெண்டு நாள் ஆசையாகத் தின்றன, பாதி வேலை அவற்றால் முடிந்தது.

வேப்பங்காய்தான் பெரிய வேலை வைத்தது. ஆனியில் பழுத்திருக்க வேண்டிய காய், கொம்போடு இறங்கிவிட்டது. பச்சைக் காய் ஆமணக்குக் கொட்டமுத்து அளவுக்கு இருக்கிறது. வாரிப் பல்லுக்கு நடுவில் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நாலு இழுப்புக்கு ஒருதரம் வாரியைத் திருப்பிக் கட்டைவிரலால் நெம்பித் தள்ள வேண்டும், விரலெல்லாம் பால் பிசுபிசுக்கும், அந்தக் கசப்பு சோற்றில் வரை வரும். தப்பித்து உருண்டதை வாரியால் பிடிக்க முடியாது. அதற்குத் தேய்ந்த தென்னஞ்சீமாறு வேண்டும். புதுச் சீமாறு நுனி வளைந்து காயின் மேலே தாவிப் போய்விடும். கட்டையாகத் தேய்ந்ததுதான் மண்ணை ஒட்டித் தள்ளும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில், கூரை எறவாணத்தில் செருகியிருந்த பழைய சீமாறு மூன்றையும் எடுத்துக்கொண்டேன். உன் தங்கச்சி, "ஏனுங்க, வெட்டுனவன் அரை நாள்ல போயிட்டான், நீங்க பன்னெண்டு நாளாக் கூட்டறீங்களே?" என்கிறாள். வெட்டுவது சீக்கிரம் முடிகிற வேலை. வாசல் பழையபடி ஆனால்தான் மரம் கழித்த வேலை முடிந்ததாக அர்த்தம். அவளுக்கும் இதையேதான் சொன்னேன்.

தேங்காய்ப்பருப்புக் களத்தில் 26 வருஷம் இருந்தவன் நான், உனக்குத் தெரியும். காய வைத்த பருப்பைப் புரட்டுவதும் சாயங்காலம் ஒரு துண்டு விடாமல் வாரி ஒதுக்குவதும்தான் களத்து வேலை. மழை மேகம் கூடினால் பத்து நிமிஷத்தில் களம் காலியாக வேண்டும். அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. அங்கே பெண்கள் வாரியை இழுத்துப் போன பிறகு சிமென்ட்டுத் தரையில் கோடு கோடாக எண்ணெய்த் தடம் தெரியும். இப்போது நம் செம்மண் வாசலில் அதே மாதிரி கோடு விழுகிறது. காலை வெயில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நிழல். கோழி குறுக்கே நடந்தால் மனசு பதறுகிறது. பால்காரத் தம்பியிடம் தெற்கு ஓரமாகவே வரச் சொல்லியிருக்கிறேன், நல்ல பையன், அப்படியே வருகிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோயில் பக்கம் சொந்தக்கார ஒறம்பரை வீட்டில் சீர். வாசலில் புளியமரம் கழித்திருந்தார்கள், அப்படியே போட்டுவிட்டுப் பந்தல் போட்டிருந்தார்கள். புளிய இலை எவ்வளவு பொடி என்று உனக்குத் தெரியும், மணலில் கலந்துவிட்டால் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. பந்திக்கு இன்னும் நேரம் இருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரு சீமாறு கேட்டு வாங்கினேன். மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் வாசல் பாதி தெளிந்துவிட்டது. வீட்டுக்காரப் பெரியம்மா, "என்ற வீட்டு வாசல நானே இப்படிப் பார்த்ததில்ல சாமி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது மொய்யை விடப் பெரிய மரியாதை.

உன் குடியிருப்பில் தூங்குமூஞ்சி மரத்துச் சருகைப் பாலிதீன் பையில் கட்டி வெளியே அனுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து விடாதே. சங்கக் கூட்டத்தில் எழுந்து சொல். இங்கே வாரியதில் ஒரு கூடைகூட வெளியே போகவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் "ஒரு தீக்குச்சி போதுமே" என்றார்கள். இந்தக் காற்றில் தீ வைப்பதா? சருகோடு மேல்மண்ணும் அதில் இருக்கிற உயிரும் சேர்ந்து வேகும். நம் பக்கம் மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். அது வரைக்கும் இருக்கிற ஈரத்தைக் காப்பாற்றச் சருகைவிட மலிவான சாமான் கிடையாது. தென்னை 12க்கும் பாத்தியில் அரையடி உயரத்துக்கு மூடாக்குப் போட்டேன், அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் விட்டு. மிச்சத்தைக் குழியில் ஒரு அடுக்கு சருகு, அதன் மேல் சாணிக்கரைசல், மறுபடி சருகு என்று நிரப்பியிருக்கிறேன். ஈரம் காயாமல் அப்பப்போ கிளறிவிட்டால் மூணு நாலு மாசத்தில் எருவாகிவிடும்.

மரத்தூளை மட்டும் தனியாக அள்ளினேன். பச்சைத் தூள் மண்ணோடு கலந்தால், மக்குவதற்கு மண்ணிலிருக்கிற தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், செடி வெளுத்துப் போகும். அதைக் கட்டுத்தரையில் மாட்டுக்கு அடியில் பரப்பிவிட்டேன். கோமியத்தில் ஊறி அப்புறம் குழிக்குப் போகும். தூளை அள்ளுவது லேசில்லை. புல்லின் வேர் வரை இறங்கியிருந்தது. குத்த வைத்து உட்கார்ந்து, புல்லை விரலால் கோதிக் கோதி எடுத்தேன். குவியலை நாள் கணக்கில் போட்டு வைக்காதே என்பதையும் உன் ஆட்களிடம் சொல். அஞ்சாம் நாள் ஒரு சாக்கைத் தூக்கினபோது அடியில் தேள் ஒன்று, வாலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

கழித்த இடத்தில் அதற்குள் செந்துளிர் கிளம்பியிருக்கிறது, மாப்பிள்ளை. நேற்றுக் கயிற்றுக்கட்டிலைத் தூக்கிப் போய்ப் பழைய இடத்திலேயே போட்டுப் பார்த்தேன். நிழல் பாதிதான், ஆனால் வானம் தெரிகிறது. தைக்குள் தழை கூடிவிடும். பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேலியோரம் கிடைக்கும், காப்புக் கட்ட வேப்பந்தழை இந்த மரத்திலேயே ஒடிக்கலாம். நீ வந்துவிடு.

வரும்போது ஒரு காரியம். அங்கே பெரிய கடைகளில் விசிறி மாதிரி விரிந்த, மெல்லிய பல்லு வைத்த வாரி விற்கிறதாம். அது புல்லைப் பிடுங்காமல் சருகை மட்டும் எடுக்கும் என்கிறார்கள். ஒன்று வாங்கி வா, பணம் தந்துவிடுகிறேன். மூங்கில் பிடி இங்கே நானே போட்டுக்கொள்வேன், பிடி இல்லாமலே வாங்கு.

காற்று இப்போது சற்று நின்றிருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் இன்னும் ரெண்டு பாகம் அளவுக்குக் கூட்டாமல் கிடக்கிறது, வெளிச்சம் போவதற்குள் பார்த்துவிடுகிறேன்.

உன் மச்சான்