ஆண்டறிக்கை: லெட்னிட்சே ஊரும் லிக்டன்ஸ்டைன் மாளிகையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுத் தீர்மானத்தின்படி, இந்த ஆண்டு நம் வரலாற்று வட்டம் ஊர் ஊராகத் தாவாமல் ஒரே ஊரை எடுத்துக்கொண்டது. செக் குடியரசின் தென் மொராவியாவில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, டியே ஆற்றங்கரையில் இருக்கும் லெட்னிட்சே. மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அதன் நடுவில் லிக்டன்ஸ்டைன் பிரபுக்களின் மாளிகை. ஊரையும் ஏழு கிலோமீட்டர் தள்ளியுள்ள வல்டிட்சேயையும் சுற்றியுள்ள ஏரி, காடு, மண்டபங்களையும் சேர்த்து 1996-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது.

முதல் கூட்டத்திலேயே எல்லோரும் மாளிகையின் கோபுரங்களைப் பற்றித்தான் கேட்டார்கள். இங்கே கட்டடத்திலிருந்து தொடங்கினால் பாதி விஷயம் பிடிபடாது. தண்ணீரிலிருந்து தொடங்க வேண்டும். டியே ஆண்டுதோறும் கரை புரளும் ஆறு. லெட்னிட்சே அதன் வெள்ளச் சமவெளியில் இருக்கிறது. பின்னால் வந்த ஒவ்வொரு பிரபுவும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர்தான்.

ஊரின் பெயர் 1222-இல் முதலில் ஆவணத்தில் வருகிறது. அப்போது இங்கே இருந்தது ஒரு சிறு கோட்டைதான். 13-ஆம் நூற்றாண்டில் மொராவியாவுக்குள் கால்வைத்த லிக்டன்ஸ்டைன்கள், அடுத்த நூற்றாண்டில் லெட்னிட்சேயையும் பிடித்துக்கொண்டார்கள். 1945 வரை விடவில்லை. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து ஊருக்கும் வல்டிட்சேக்கும் நடுவில் கெண்டை மீன் வளர்க்க ஏரிகளைத் தொடராக வெட்டினார்கள். மேலே நெசித், அதன் கீழே ஹ்லோஹொவெட்ஸ், அப்புறம் நடு ஏரி, மில் ஏரி. நெசித் சுமார் 300 ஹெக்டேர். மொராவியாவிலேயே பெரிய மீன் ஏரி. ஒன்றின் மதகைத் திறந்தால் தண்ணீர் அடுத்ததில் போய் விழும். இலையுதிர் காலத்தில் ஏரியை வடித்து, மிச்சம் நிற்கும் தண்ணீரில் வலை போட்டு மீனை அள்ளுவார்கள். மேல் ஏரியை அவசரமாகத் திறந்துவிட்டால் கீழ் ஏரியின் கரைக்கு ஆபத்து. அதனால் எதை எப்போது வடிப்பது என்ற வரிசைதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி.

குடும்பத்தின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு முழுக் கூட்டம் ஒதுக்கினோம். அது வீண் போகவில்லை. புராட்டஸ்டண்டாகப் பிறந்த கார்ல் என்ற லிக்டன்ஸ்டைன் பிரபு, 1599-இல் கத்தோலிக்கராக மாறி, 1608-இல் இளவரசர் பட்டம் பெற்றார். 1620-இல் ஹாப்ஸ்பர்க் பேரரசருக்கு எதிரான போஹிமியக் கிளர்ச்சி தோற்றதும் பேரரசரின் பிரதிநிதியாக பிராகில் உட்கார்ந்தார். 1621 ஜூன் 21 அன்று பழைய நகரச் சதுக்கத்தில் 27 பேருக்கு மரணதண்டனை நிறைவேறியபோது தலைமை வகித்தவர் அவர்தான். கிளர்ச்சிக்காரர்களின் பறிமுதல் நிலங்கள் விற்பனைக்கு வந்தன. அதே நேரத்தில் நாணயம் அடிக்கும் குத்தகை எடுத்த கூட்டத்திலும் கார்ல் ஒரு பங்காளி. ஒரு மார்க் (அக்கால எடை அளவு) வெள்ளியில் முன்பு சுமார் 19 கில்டன் காசு அடித்தார்கள். 1622 குத்தகையில் 79 கில்டன். வெள்ளி குறைந்த அந்தக் காசில் நிலத்தை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே காசு செல்லாக்காசானது. நிலம் நிலமாகவே நின்றது. மாளிகையைப் பார்த்து வியக்கும்போது இந்தக் கணக்கையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இன்று லிக்டன்ஸ்டைன் என்று வழங்கும் ஆல்ப்ஸ் நாடு இதற்குப் பிறகுதான் வருகிறது. குடும்பம் 1699-இல் ஷெல்லன்பெர்க்கையும் 1712-இல் வடுஸையும் விலைக்கு வாங்கியது; 1719-இல் அது சிற்றரசானது. பேரரசின் சபையில் இடம் வேண்டும் என்பதற்காக வாங்கிய நிலம் அது. ஆண்ட இளவரசர் ஒருவர் முதன்முதலாக அங்கே எட்டிப் பார்த்தது 1842-இல். அதுவரை அவர்களுக்கு வீடு என்றால் வியன்னா, வல்டிட்சே, கோடைக்கு லெட்னிட்சே.

பரோக் காலத்தில் மிஞ்சியது குதிரை லாயம். ஃபிஷர் ஃபொன் எர்லாக் 1688 வாக்கில் தொடங்கியது. மனிதர்கள் தங்கிய பகுதிகள் எத்தனையோ முறை இடிபட்டுவிட்டன, குதிரைகள் நின்ற இடம் மட்டும் நிலைத்துவிட்டது.

இனி மினாரெட், அதாவது தோட்டத்தில் நிற்கும் மசூதிக் கோபுர வடிவக் கட்டடம். இதைப் பற்றித்தான் அதிகக் கேள்விகள். கட்டியவர் இளவரசர் அலோய்ஸ் I. வடிவமைத்தவர் ஜோசஃப் ஹார்ட்முத். கோஹினூர் பென்சில் நிறுவனத்தின் மூலவரும் இவரே. வேலை நடந்தது 1797 முதல் 1804 வரை. உயரம் சுமார் 60 மீட்டர், மூன்று மாடங்கள், உள்ளே 302 படிகள். சுவரில் அரபு எழுத்துகள். ஊரார் தேவாலயம் வேண்டாம் என்று முரண்டு பிடித்ததால் கோபத்தில் பிரபு மசூதிக் கோபுரம் கட்டினார் என்ற கதையைப் பல உறுப்பினர்கள் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள். கதை சுவையானது; நம்பத் தேவையில்லை. அந்தக் காலத்துப் பிரபுக்கள் தோட்டங்களில் சீன மண்டபம், எகிப்தியத் தூண், இடிந்த கோட்டை என்று எதையாவது நிறுத்துவது வழக்கம். இதே தோட்டத்தில் கட்டும்போதே இடிபாடாகக் கட்டிய யானோஹ்ராட் இருக்கிறது. அதற்கு யாரும் கோபக் கதை சொல்வதில்லை.

கோபுரத்தைவிட அதன் அடித்தளம் சுவாரசியமானது. சேற்று நிலம் என்பதால் மரக்கழிகளை அடித்து இறக்கி, அவற்றின் மேல் கட்டுமானத்தை எழுப்பினார்கள். மரம் முழுக்கத் தண்ணீருக்குள் இருந்தால் காற்று படாது, பூஞ்சை பிடிக்காது, நூற்றாண்டுகள் தாங்கும். நிலத்தடி நீர் இறங்கி ஏறும் மட்டத்தில்தான் மரம் மக்கும். அதனால் இத்தகைய அடித்தளத்துக்கு வெள்ளம் எதிரி இல்லை, வறட்சிதான் எதிரி. 

1805-இல் பட்டத்துக்கு வந்த யோஹான் I படைத்தளபதி. அதே ஆண்டு நெப்போலியனுக்கு எதிரான ஆஸ்டர்லிட்ஸ் போரில் குதிரைப்படையை நடத்தியவர், தோற்ற பின் பிரெஸ்பர்க் உடன்படிக்கையில் ஆஸ்திரியா சார்பில் கையெழுத்திட்டவர். இவர் காலத்தில் நடந்ததுதான் லெட்னிட்சேயின் உண்மையான சாதனை: மண் வேலை. மாளிகைக்குப் பின்னால் சதுப்பைத் தோண்டிப் பெரிய ஏரியாக்கி, நடுவில் தீவுகளை விட்டு, எடுத்த மண்ணைப் பரப்பித் தோட்டத்தின் மட்டத்தையே உயர்த்தினார்கள். எந்திரம் கிடையாது, எல்லாம் மண்வெட்டியும் வண்டியும்தான். மண் போட்டு உயர்த்தும்போது பழைய மரத்தின் வேர்க்கழுத்து புதைந்தால் அது சில ஆண்டுகளில் மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே இப்படிப்பட்ட தோட்டத்தில் பெரும்பகுதி மரங்களைப் புதிதாகத்தான் நட்டாக வேண்டும். வட அமெரிக்காவுக்குத் தோட்டக்காரரை அனுப்பி விதை வரவழைத்தார்கள். தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் சதுப்பு சைப்ரஸ், கருப்பு வால்நட், பிளேன் எல்லாம் அப்படி வந்தவையே.

அதே யோஹான் சுற்றுப்புறம் முழுவதும் மண்டபங்களை எழுப்பினார். உறுப்பினர்களை அதிகம் கவர்ந்தது ஹ்லோஹொவெட்ஸ் ஏரிக்கரையில் 1826–27-இல் கட்டிய எல்லை மாளிகை. மொராவியாவுக்கும் கீழ் ஆஸ்திரியாவுக்கும் இடையிலான மாகாண எல்லை சரியாக அந்த வீட்டின் நடுவே போனது. ஒரு பக்கக் கட்டடம் மொராவியாவில், மறுபக்கம் ஆஸ்திரியாவில். முகப்பில் அதையே ஜெர்மனில் எழுதியும் வைத்தார்கள். 1920-இல் வல்டிட்சே செக்கோஸ்லோவாக்கியாவோடு சேர்ந்ததும் எல்லை தெற்கே நகர்ந்தது. வீடு எந்த எல்லையிலும் இல்லாமல் போனது.

நாம் இன்று படங்களில் காணும் மாளிகை அலோய்ஸ் II-இன் வேலை, 1846 முதல் 1858 வரை. 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயக் கட்டடக்கலையான டூடர் பாணி மேல் அவருக்கு மோகம். திட்டம் போட்ட கியோர்க் விங்கெல்முல்லர் 1848-இல் இறந்துபோனார். யோஹான் ஹைட்ரிஷ் முடித்தார். உள்ளே நூலகத்தில் ஓக் மரத்தில் செதுக்கிய சுழல் படிக்கட்டு இருக்கிறது. இலையும் கொடியுமாகப் பின்னிய கைப்பிடி கீழிருந்து மேல்வரை தொய்வில்லாமல் சுற்றிப் போகிறது. வியன்னாவின் கார்ல் லைஸ்ட்லர் பட்டறை செய்தது.

மாளிகையை ஒட்டிய கண்ணாடிப் பசுமைக்கூடம் அதற்கும் முந்தையது: 1843–45, வடிவமைத்தவர் டெஸ்வின் என்ற ஆங்கிலேயர். நீளம் 92 மீட்டர், அகலம் 13, உயரம் 10. உள்ளே தாங்கும் வார்ப்பிரும்புத் தூண்கள் மூங்கில் கணுக்களோடு வார்க்கப்பட்டவை. கூரைக் கண்ணாடி சிறு சிறு துண்டுகளாக மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. சிறு துண்டுகள் வளைவுக்கு ஒத்துவரும், மழைநீர் மடிப்பில் வழிந்துவிடும், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். தொல்லை உள்ளிருந்துதான் வரும். குளிர்காலத்தில் உள்ளே வெப்பமண்டலச் செடி, வெளியே உறைபனி. கண்ணாடியின் உட்புறம் வியர்த்து நீர் இரும்பில் இறங்கும். துரு பிடித்த இரும்பு பருக்கும், பருத்தால் கண்ணாடி விரிசல் விடும். சூடேற்றுவதை நிறுத்தினால் செடி போகும், தொடர்ந்தால் இரும்பு போகும். இந்தக் கூடத்தைப் பேணுவது என்றாலே இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான்.

ஊருக்குப் பிரபுக்களால் கிடைத்த உருப்படியான பலன் எது என்ற விவாதத்தில் என் ஓட்டு தோட்டக்கலைப் பள்ளிக்கு. 1895-இல் தொடங்கியது. 1912-இல் செடிகளின் மரபியல் ஆய்வுக்காக மெண்டலியம் நிறுவப்பட்டது. மெண்டலின் விதிகளை மீண்டும் வெளிக்கொணர்ந்தவர்களில் ஒருவரான எரிக் ஃபொன் செர்மாக் அதற்குத் துணை. இன்று பிர்னோ மெண்டல் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலைப் புலம் லெட்னிட்சேயில்தான் இருக்கிறது.

முடிவு வேகமாக வந்தது. 1938-இல் இந்தப் பகுதி ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. போருக்குப் பின் ஜெர்மன் பேசிய ஊர்மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். லிக்டன்ஸ்டைன் நடுநிலை நாடாக இருந்தும், இளவரசரை ஜெர்மானியராகக் கணக்கிட்டு, செக்கோஸ்லோவாக்கிய அதிபரின் 1945-ஆம் ஆண்டு 12-ஆம் எண் ஆணைப்படி சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். அந்த ஆணையின் தேதி ஜூன் 21. பிராக் சதுக்கத்துத் தண்டனையின் தேதியும் அதுவே. தற்செயல்தான், ஆனால் கூட்டத்தில் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் வேறு பேச்சு ஓடவில்லை. செக் குடியரசும் லிக்டன்ஸ்டைனும் 2009-இல்தான் தூதரக உறவு வைத்துக்கொண்டன. 2020-இல் சொத்து விவகாரத்துக்காக லிக்டன்ஸ்டைன் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் போனது.

இன்றைய சிக்கல் மறுபடி தண்ணீர். 1970, 80-களில் ஆற்றின் மேல்பகுதியில் நோவே மிலினி நீர்த்தேக்கங்கள் மூன்று கட்டினார்கள். வசந்த கால வெள்ளம் நின்றது. கூடவே ஆற்றோரக் காடுகளுக்கு வந்த ஈரமும் நின்றது. பிறகு வாய்க்கால் வழியாகச் செயற்கை வெள்ளம் விட வேண்டியதாயிற்று. நீர்மட்டம் இறங்கிய இடத்தில் மரம் சோர்கிறது. லிண்டன், மேப்பிள் கிளைகளில் புல்லுருவி அடர்ந்திருக்கிறது. அது மரத்தின் நீரை உறிஞ்சுவது, வறட்சியில் இரட்டை அடி. கிளையை வெட்டினால்தான் போகும். கிளைக்குள் வேர் ஊன்றிய இடத்துக்கு உள்ளே தள்ளி வெட்டாவிட்டால் மறுபடி துளிர்க்கும். முதிய மரத்தில் அப்படி வெட்டினால் மொட்டைதான் மிஞ்சும். ஏரிகளில் வேறு தகராறு: மீனுக்குத் தீனி கூடினால் கோடையில் பாசி பூத்து, விடியற்காலையில் நீரில் ஆக்சிஜன் குறைந்து மீனே மிதக்கும். பறவைகளுக்குச் சேற்றுத் திட்டு வேண்டும், மீன்காரருக்கு ஏரி நிரம்பியிருக்க வேண்டும். சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் உள்ள ஏரிகள் என்பதால் இரு தரப்பும் மதகின் மேல்தான் சண்டை போடுகின்றன.

போக நினைக்கும் உறுப்பினர்களுக்கு: வியன்னா அல்லது பிர்னோவிலிருந்து ரயிலில் பிர்ஷெட்ஸ்லாவ், அங்கிருந்து பேருந்து. 1901-இல் போட்ட கிளை ரயில்பாதையில் இப்போது கோடைச் சுற்றுலா வண்டிகள்தான். மாளிகைக்குள் வழிகாட்டியோடுதான் விடுவார்கள், திங்கட்கிழமையைத் தவிர்க்கவும். மினாரெட்டுக்கு நடை சுமார் இரண்டு கிலோமீட்டர், கோடையில் படகும் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் 302 படிகளை முன்கூட்டியே யோசிக்கவும்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அடுத்த ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள் வந்துள்ளன. ஒன்று வல்டிட்சே மாளிகை. மற்றொன்று 16-ஆம் நூற்றாண்டில் குரோவேசியரைக் கொண்டுவந்து குடியேற்றிய ஹ்லோஹொவெட்ஸ் முதலிய ஊர்கள். செயற்குழு இரண்டாவதைப் பரிந்துரைக்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த அறிக்கை மீதான விவாதத்திலேயே சொல்லிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்