டீச்சருக்குக் கடிகாரம் வேண்டாம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மற்ற செய்திகளைப் பிறகு எழுதுகிறேன், முதலில் சண்டைக்கு வருகிறேன். டீச்சருக்கு நாம் இருவரும் சேர்ந்து சுவர்க் கடிகாரம் வாங்கித் தரலாம் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். மணி பார்த்துக்கொண்டு அவர் எங்கே ஓட வேண்டும்? கண்புரை அறுவை முடிந்துவிட்டது, இனி தாராளமாகப் படிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். புத்தகத்தைக் கையில் எடுக்க முடியாமல் அவர் எப்படித் தவித்தார் என்பதை நீயும்தான் பார்த்தாய். படிப்போடு சேர்ந்த ஒன்றைத்தான் அவருக்குத் தர வேண்டும். கிராஸ் ஸ்டிச்சில், அதாவது கட்டத்துக்குக் கட்டம் பெருக்கல் குறி போடும் தையலில், ஒரு புக்மார்க் தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இவ்வளவுதானா?" என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது. பக்கத்தின் மூலையை மடித்தே படித்து வளர்ந்தவள் வேறென்ன கேட்பாய்? என்னிடம் நீ இரவல் வாங்கிய புத்தகங்களில் அந்த மடிப்புகள் இன்றுவரை நிமிரவில்லை. "காது திருகி" என்று டீச்சர் உனக்கு வைத்த பெயரை மறந்துவிட்டாயா?

சிறிய வேலைதான், ஆனால் சுவரில் மாட்டும் படத்துக்கு இல்லாத கவலைகள் எல்லாம் இதற்கு உண்டு. துணி, ஐடா. சதுரம் சதுரமாக நெய்து, ஒவ்வொரு மூலையிலும் ஊசி இறங்கத் துளை விட்டிருப்பார்கள். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளதை எடுத்திருக்கிறேன். அகலம் 28 கட்டம், நீளம் 84 கட்டம். அதாவது 2 அங்குலத்துக்கு 6 அங்குலம். முழுவதையும் நிரப்பினால் 2,352 தையல் வரும். நான் நிரப்பப் போவதில்லை. நிரப்ப நிரப்பத் துணி தடிக்கும், தடித்ததைப் பக்கங்களுக்கு நடுவே வைத்து மூடினால் புத்தகத்தின் கட்டுத்தான் விட்டுப்போகும். ஆகவே ஓரத்தில் ஒரு கொடி, நடுவில் ஒரு சொல், மீதியெல்லாம் வெறும் துணி.

முடிச்சும் கூடாது. பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்தாலும் முடிச்சு புடைத்துக்கொண்டு தாளில் தடம் பதிக்கும். இதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. எம்பிராய்டரி நூல் ஆறு இழை சேர்ந்தது அல்லவா, அதில் ஓர் இழையை மட்டும் உருவி, இரண்டாக மடித்து, இரு முனைகளையும் ஊசிக் காதில் கோத்துக்கொள்ள வேண்டும். முதல் அரைத் தையலைப் போட்டுவிட்டு, பின்பக்கம் நிற்கும் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்தால் நூல் தானே பிடித்துக்கொள்ளும். முடிக்கும்போது பின்பக்கத் தையல்களுக்கு அடியில் நூலை நுழைத்து வெட்டிவிடலாம். தடவிப் பார்த்தால் தொடக்கமும் தெரியாது, முடிவும் தெரியாது. முன்பக்கத்தில் ஒரே ஒரு கட்டாயம்: எல்லாப் பெருக்கல் குறிகளிலும் மேலே வரும் கோடு ஒரே பக்கம்தான் சாய வேண்டும். ஒன்று திசை மாறினாலும் வெளிச்சம் படும்போது அது மட்டும் தனியாக முறைத்துக்கொண்டு நிற்கும்.

நிறத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். உனக்குப் பிடித்த வெளிர் ரோஜா அழகுதான், ஆனால் வெள்ளைத் துணியில் அது டீச்சரின் கண்ணுக்கு எட்டாது. அறுவைக்குப் பிறகும் பார்வை முழுதாகத் தெளியச் சில வாரங்கள் ஆகும் என்கிறார்கள். அதனால் அடர் நீலம். கண் கைகொடுக்காத நேரத்திலும் விரல் இருக்கிறது, மல்லிகா. வெறும் துணிக்கு மேல் தையல் எழும்பி நிற்பதால், விளக்கைப் போடாமலே தடவி, விட்ட பக்கத்தை அவர் திறந்துவிடலாம். இதை நினைத்த பிறகு எனக்கு வேறு எந்தப் பரிசும் பரிசாகத் தோன்றவில்லை.

நடுவில் வரும் சொல் "படி". அவர் நம்மிடம் வேறென்ன சொன்னார்! ப கட்டத்துக்காகவே பிறந்த எழுத்து: இரண்டு நிமிர்ந்த கோடு, அடியில் ஒரு படுத்த கோடு, வேலை முடிந்தது. டி-யின் மேல் வளைவுதான் அடங்காது. பெருக்கல் தையலில் போட்டால் அது படிக்கட்டாகிவிடும். அந்த வளைவை மட்டும் ஒற்றை இழையில், கோடு போல ஓடும் பின் தையலாக, கட்டத்தின் குறுக்கே சாய்த்துச் சாய்த்துக் கொண்டுபோனேன். இப்போது எழுதியது போலவே இருக்கிறது.

சொல்லுக்குக் கீழே ஓர் ஆண்டைத் தைக்க இடம் விட்டிருக்கிறேன். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஜேன் போஸ்டாக் என்ற பெண் தைத்த துணி ஒன்று இருக்கிறது. தன் பெயரையும் 1598 என்ற ஆண்டையும் அதிலேயே தைத்திருக்கிறார். ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23 பிற்பகலில் பிறந்ததையும் எழுத்தெழுத்தாகத் தைத்து வைத்திருக்கிறார். 400 ஆண்டுகளைத் தாண்டி அந்த ஒரு பிற்பகல் நூலில் நிற்கிறது. அதனால்தான் கேட்கிறேன், நாம் எந்த ஆண்டைப் போடுவது? இந்த ஆண்டு என்பதுதான் வழக்கம். என் மனமோ உன் அப்பா உன் படிப்பை நிறுத்தப் பார்த்த அந்த வருடத்தையே சுற்றுகிறது. உங்கள் வீட்டு வாசலில் டீச்சர் வந்து உட்கார்ந்ததும், உன் அப்பா சரி என்று சொல்லும் வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததும் நம் இருவருக்கும்தான் தெரியும். ஆனால் அது உன்னுடைய ஆண்டு. நீ சொல்லாமல் நான் தைக்க மாட்டேன்.

குஞ்சத்தை நீதான் செய்ய வேண்டும், அப்போதுதான் இது இருவர் பரிசாகும். இரண்டு விரல் அகல அட்டையில் அதே நீல நூலைச் சுற்று. மேலே கட்டு, கீழே வெட்டு, கழுத்தில் இறுக்கிச் சுற்று, அவ்வளவுதான். பருமனாகச் செய்துவிடாதே. நூல் இந்த உறையிலேயே இருக்கிறது. பின்துணியை வைத்துத் தைத்துவிட்டால் அப்புறம் ஆண்டைத் தைக்க வழியில்லை. ஆகவே குஞ்சம் வர நாளானாலும் பரவாயில்லை, ஆண்டை மட்டும் உடனே எழுதி அனுப்பு.

அன்புடன்,
வசந்தா