போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுப் போ

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அப்பத்தா எல்லோரும் நலமா?

"நான் கிளம்பினாலே பிள்ளை கத்துகிறான், என்ன தப்புப் பண்ணினேனோ" என்று எழுதியிருந்தாய். ஒரு தப்பும் இல்லை அக்கா. இந்த வாரம் எங்களுக்கு அதுதான் பாடம். ரயிலேறி செர்டாங் போய், புத்ரா பல்கலைக்கழகத்தில் பிள்ளை வளர்ப்பும் குடும்பமும் படிக்கிறேன் என்றால், உன் கவலையைத்தான் படிக்கிறேன்.

எட்டு, ஒன்பது மாதத்தில், கண்ணில் படாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்பது பிள்ளைக்குப் புரியத் தொடங்குகிறது. அதனால்தான் தேடி அழுகிறான். மேரி எயின்ஸ்வொர்த் என்ற அம்மையார் 1954இல் உகாண்டா போய், வீடு வீடாக உட்கார்ந்து தாயையும் பிள்ளையையும் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில், அம்மாவைச் சில நிமிடம் வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையைக் கவனித்தார். அம்மா திரும்பி வந்ததும் பிள்ளை என்ன செய்கிறது? அதைத்தான் அவர் முக்கியமாகப் பார்த்தார். நீ வந்ததும் உன் தோளில் முகம் புதைத்து, கொஞ்ச நேரத்தில் மறுபடி கிண்ணத்தைத் தட்டுகிறான் என்று நீயே எழுதியிருக்கிறாயே! உன்னை நம்புகிறான், அக்கா.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அப்பத்தா காக்கா காட்ட, நீ பின்வாசல் வழியாக நழுவுவதை நிறுத்து.

வெள்ளிக்கிழமைகளில் குறிப்பெடுக்க ஒரு தஸ்காவுக்குப் போகிறேன். பால்வாடி மாதிரி, சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். அங்கே ஒரு தமிழ் அம்மா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொண்டையிலிருந்து ரப்பர்பேண்டைக் கழற்றி மகள் கையில் மாட்டிவிடுவார். "அம்மா போயிட்டு வரேன். நீ பசியாறி, தூங்கி எழுந்தா வந்துடுவேன்." அவள் அழத்தான் செய்கிறாள். போன வாரம் நான்கு நிமிடம் அழுதாள். அப்புறம் ஆசிரியையின் விரலைப் பிடித்துக் கட்டைகள் அடுக்கப் போய்விட்டாள். ரப்பர்பேண்டை மட்டும் கழற்றவில்லை. சாயங்காலம் அம்மா கையில் கொடுத்தாள்.

என் வீட்டுக்காரப் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, ஓடும் அவருடைய அம்மா, தூங்கும் பிள்ளையை ஆயாக் கொட்டகையில் கிடத்தும்போதும் காதில் சொல்லிவிட்டுத்தான் பால்மரம் சீவிப் பால் எடுக்கப் போவாராம். சொல்லும்போது பாட்டிக்குக் குரல் கம்மிவிட்டது.

நம் வீட்டில் யாராவது வெறுமனே "போறேன்" என்று சொன்னால் அப்பத்தா விடுவாரா? அவனிடமும் முன்வாசலில் நின்று "போயிட்டு வர்றேன்" என்று சொல். அழுதாலும் திரும்பித் திரும்பி வராதே. தினமும் அதே சொல், அதே வாசல். அவனை அப்பத்தா இடுப்பில் வைத்திருக்கட்டும்.

பத்து நாள் பார்த்துவிட்டு எழுது. எத்தனை நிமிடம் அழுதான் என்பதையும் குறித்து வை.

அன்புத் தங்கை