ரேடியோ வானியல் ஆய்வகப் பணியாளர்களின் வாழ்வனுபவங்களைப் பதிவு செய்து நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் வைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ரேடியோ வானியல் ஆய்வகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றோரும் அவர்தம் குடும்பத்தாரும்,
அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: ரேடியோ தொலைநோக்கி நிலையங்களில் பணியாற்றிய இம்மாவட்டத்தாரின் பணி வாழ்வு, குடும்ப வாழ்வு ஆகியவற்றை ஒலி, ஒளிப் பதிவுகளாகத் தொகுத்துப் பாதுகாக்கவும், தொழிற்கல்வி மாணவர்களுடன் அவர்கள் உரையாட வழிசெய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையிலும், மகாராஷ்டிர மாநிலம் நாராயண்காவ் அருகேயுள்ள கோடத் கிராமத்திலும் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி நிலையங்களில் தொழில்நுட்பப் பணியாளர்களாகவும், கருவி இயக்குநர்களாகவும், ஓட்டுநர்களாகவும், உணவகப் பணியாளர்களாகவும், காவலர்களாகவும் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி வந்து குடியிருப்பவர்கள் நாங்கள். எங்களில் சிலர் காலமாகிவிட்டபடியால் அவர்களுடைய மனைவியரும் பிள்ளைகளும் இம்மனுவில் கையொப்பமிட்டுள்ளனர். ஓய்வூதியம், மருத்துவ வசதி, வீட்டுமனை போன்ற எதையும் கேட்டு நாங்கள் வரவில்லை. எந்த நிறுவனத்தின் மீதும் எங்களுக்குப் புகாரும் இல்லை. நாங்கள் செய்த வேலை எப்படிப்பட்டது, அந்த வேலையோடு எங்கள் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன என்பது எங்களோடு அழிந்துபோகாமல் இம்மாவட்டத்தின் பொதுச் சொத்தாக நிலைக்க வேண்டும் என்பது ஒன்றே எங்கள் வேண்டுகோள்.

முத்தோரைத் தொலைநோக்கி 1970ஆம் ஆண்டு செயல்பாட்டுக்கு வந்தது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் அவர்களின் தலைமையில், முழுக்க இந்தியப் பொறியாளர்களாலும் தொழிலாளர்களாலும் கட்டப்பட்ட கருவி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைச்சரிவின் சாய்வும் அவ்விடத்தின் அட்சரேகையும் ஏறத்தாழ 11 டிகிரி என ஒத்துப்போகும்படி இடம் பார்த்து நிறுவியதால், அதன் நீள அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்தது. ஆகவே கிழக்கிலிருந்து மேற்காகத் திருப்புவதைக் கொண்டே ஒரு வான்பொருளை ஒன்பதரை மணி நேரம் வரை தொடர்ந்து நோக்க முடிகிறது. இவையெல்லாம் அச்சில் உள்ள செய்திகள். பேராசிரியரின் பெயரும் புகழும் உலகறிந்தவை, அதில் எங்களுக்கும் பெருமையே. 2020இல் அவர் காலமானபோது எங்கள் வீடுகளிலும் துக்கம் இருந்தது. ஆனால் அந்தச் சரிவில் நின்று அக்கருவியைக் கட்டியவர்களும், ஆண்டாண்டாகப் பழுது பார்த்து ஓடவைத்தவர்களும் எப்படி வேலை செய்தார்கள் என்பதைத் தேடினால் தமிழில் ஒரு பக்கம்கூடக் கைக்கு அகப்படுவதில்லை.

ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். அத்தொலைநோக்கியில் தகடு வேய்ந்த கண்ணாடி கிடையாது. வளைந்த 24 இரும்புச் சட்டங்களுக்கு மேலாக, 530 மீட்டர் நீளத்துக்கும், ஏறத்தாழ 1100 மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்டுள்ளன; அவையே வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் குவிக்கின்றன. மொத்தக் கம்பியை நீட்டினால் 580 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு கம்பி தளர்ந்தால் காற்றில் ஆடும்; அளவுக்கு மீறி இழுத்தால் குளிர்காலத்து இரவில் உலோகம் சுருங்கும்போது அறும். நீலகிரியின் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும் விடியற்காலையில், கையுறை போட்டால் கம்பியின் இறுக்கம் விரலுக்குத் தெரியாது என்பதற்காக வெறுங்கையாலேயே தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தவர்கள் எங்களில் இருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் வேலை வேறு மாதிரி. அலைகள் வந்து குவியும் கோட்டில், அவற்றைப் பெறுவதற்கென வரிசையாக உள்ள 1056 டைபோல் ஆண்டெனாக்களின் இணைப்புகளில் எங்கேனும் ஈரம் புகுந்துவிட்டால் அந்தப் பகுதியிலிருந்து வரும் சமிக்ஞை மங்கிவிடும். எந்த இணைப்பு என்பதைக் கருவி ஓரளவுக்குத்தான் காட்டும். மீதியைக் கேபிளின் திருகுமுனையைக் கழற்றி, உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருக்கிறதா என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி பற்றவைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கைப்பழக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. மூத்தவர் செய்வதை இளையவர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது.

கண்ணால் நோக்கும் தொலைநோக்கிக்கு இரவும் தெளிந்த வானமும் வேண்டும். ரேடியோ தொலைநோக்கிக்கு அந்த நிபந்தனை இல்லை. பகலிலும், மேகம் மூடியிருந்தாலும், மழை பெய்தாலும் அது வேலை செய்யும். அதன் விளைவு, அங்கே பணியாளர்களுக்கு ஓய்வான பருவம் என்று ஒன்று அமையவில்லை. மூன்று வேளை முறைமாற்றுப் பணி ஆண்டு முழுவதும் நடக்கும். அதிலும் நிலா மறைப்பு நோக்கும் நாள்களில் தளர்வுக்கே இடமில்லை. ரேடியோ அலைகளை வெளியிடும் தொலைதூர வான்பொருள் (ரேடியோ மூலம்) ஒன்றை நிலா கடந்து மறைக்கும் கணத்தைத் துல்லியமாகப் பதிந்தால்தான் அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் கணக்கிட முடியும். முத்தோரைத் தொலைநோக்கி கட்டப்பட்டதன் முதன்மை நோக்கமே அதுதான். இப்படி நூற்றுக்கணக்கான ரேடியோ மூலங்களின் கோண அளவுகளைத் திரட்டி, பேரண்டம் காலப்போக்கில் மாறிவந்திருக்கிறது என்பதற்கான சான்றை 1975இல் உதகை ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அந்த முடிவுக்குப் பின்னால், சமிக்ஞையைக் காகிதச் சுருளில் கோடாக வரையும் சார்ட் ரிக்கார்டரின் முன் உட்கார்ந்திருந்தவர்களின் இரவுகள் இருக்கின்றன. மை உறையாமல் பேனாவைக் காத்து, காகிதச் சுருள் சிக்காமல் பார்த்து, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டருக்கு ஓடி, குறித்த நொடியில் அந்தக் கோடு சட்டென்று கீழிறங்குவதைக் கண்டு நேரத்தைக் குறித்தவர்கள் அவர்கள். அந்த நொடியைத் தவறவிட்டால் அதே மூலத்துக்கு இன்னொரு வாய்ப்பு எப்போது வருமென்பது நிலாவின் பாதையைப் பொறுத்தது. மேலதிகாரியிடம் அவகாசம் கேட்டுப் பெறக்கூடியது அன்று.

பணியின் இந்தத் தன்மை குடும்பங்களின் மேல் எப்படி விழுந்தது என்பதே நாங்கள் முக்கியமாகப் பதிவு செய்ய விரும்புவது. கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை, ஓணம், பொங்கல் என்று இம்மாவட்டத்தார் எங்கிருந்தாலும் ஊருக்கு வரத் துடிக்கும் நாள்கள் பல உண்டு. பணிமுறைப் பட்டியலில் பெயர் விழுந்துவிட்டால் வர இயலாது. தொலைபேசி அரிதாயிருந்த காலத்தில் ஊரில் நேர்ந்த சாவுக்குத் தந்தி வந்து சேர்ந்து, மாற்றாள் கிடைத்து, மலையிறங்கி, கோயம்புத்தூர் வழியாக நாகர்கோவில் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்ட வீடுகள் எங்களிடையே உள்ளன. குடியிருப்பில் பெண்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள். கணவன் இரவுப் பணிக்குப் போன வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டுப் படுகர் சமூகத்து அம்மா வந்து விடியும்வரை உட்கார்ந்திருப்பார். இங்கிருந்து கொண்டுபோன கருவாடும் நேந்திரங்காய் வற்றலும் அந்த வீட்டுக்கும் போகும். இரணியலைச் சேர்ந்த, கணவரை இழந்த தாயார் ஒருவர் எங்கள் கூட்டத்தில் சொன்னதை அவர் வாய்மொழியாகவே தருகிறோம்: “ஊருல எல்லாரும் நிலாவப் பாத்துச் சோறூட்டுவாவ. எங்க வீட்டுல அவிய நிலா எப்ப மறைக்கும்ணு கணக்குப் பாத்துட்டு இருப்பாவ. பிள்ளைய ஒறக்கினது நாந்தான்.” அவர் குறையாகச் சொல்லவில்லை, அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமிதம் இருந்தது. இந்தப் பேச்சு எழுத்தாக வந்தால் போதாது, அவர் குரலிலேயே இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

1990களில் கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டு வடிவ ஆண்டெனாக்களைக் கொண்ட பெருந்தொலைநோக்கி எழுந்தபோது உதகையில் கைதேர்ந்த பலர் அங்கே சென்றனர்; எங்களில் சிலரும் குடும்பத்தோடு சென்றோம். 14 தட்டுகள் நடுவில் நெருக்கமாக இருக்க, மற்ற 16 மூன்று கைகளாகப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு வயல்களுக்கும் கிராமங்களுக்கும் இடையே பரவிக் கிடக்கின்றன. காற்று மிகுந்தால் எல்லாவற்றையும் உச்சி நோக்கித் திருப்பி நிறுத்த வேண்டும். ஒன்று நகர மறுத்தால் அந்நேரத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு அங்கே போக வேண்டும். அலைகளுக்கு இடையூறு வரக்கூடாது என்பதால் கைப்பேசியை வளாகத்துக்குள் அணைத்து வைப்பது அங்கே வழக்கம். ஊரெல்லாம் கையில் பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் எங்களைத் தேடிய உறவினர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிதாக இருக்கவில்லை. பிள்ளைகள் மராத்தியில் விளையாடித் தமிழில் சாப்பிட்டு வளர்ந்தார்கள். 2020இல் அத்தொலைநோக்கிக்கு மின், மின்னணுப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான ஐ.இ.இ.இ. மைல்கல் தகுதி வழங்கியபோது, அங்கே வேலை செய்த எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அச்செய்தியைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள்.

இது இம்மாவட்டத்துக்கு உரிய செய்திதானா என்ற கேள்வி தங்கள் அலுவலகத்தில் எழக்கூடும். இப்பகுதி திருவிதாங்கூரின் கீழ் இருந்த 1850களில், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராயிருந்த ஜான் ஆலன் புரூன் அகத்தியமலை உச்சியில் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஓர் ஆய்வுநிலையம் அமைத்தார். யானைகள் திரியும் காட்டு வழியே கருவிகளைச் சுமந்து ஏறியவர்களும், குளிரிலும் மழையிலும் அங்கே தங்கி அளவுகளைக் குறித்தவர்களும் இந்தச் சுற்றுவட்டாரத்து மனிதர்களாகவே இருந்திருக்க வேண்டும். அவர்கள் எந்தெந்த ஊரார், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்று இன்று கேட்டால் எங்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அந்த நிலை எங்கள் தலைமுறைக்கும் நேர்ந்துவிடக் கூடாது. தொலைநோக்கி இயங்கத் தொடங்கிய ஆண்டில் 25 வயதாயிருந்தவர்கள் இன்று 80 வயதை எட்டிக் கடந்துவிட்டார்கள். நினைவு தெளிவாக இருக்கும்போதே, பேச்சு குழறாமல் இருக்கும்போதே பதிவு செய்ய வேண்டும்; இதில் தாமதம் தாங்காது.

மாணவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரேடியோ வானியல் என்றால் முனைவர் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. எங்களில் பெரும்பாலோர் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள். பற்றவைப்பு, கடைசல், மின்னணுக் கருவிப் பராமரிப்பு ஆகியவை கைவந்தவர் இல்லாமல் எந்தத் தொலைநோக்கியும் ஒரு வாரம்கூட ஓடாது. ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கட்டப்பட்டுவரும் ஸ்கொயர் கிலோமீட்டர் அர்ரே என்னும் மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியாவும் பங்கேற்கிறது. அதற்கு 1250 கோடி ரூபாய் ஒதுக்க ஒன்றிய அரசு ஒப்புதல் தந்துள்ளது. கோணத்திலும் மற்ற இடங்களிலும் படிக்கும் தொழிற்கல்வி மாணவர்கள், இப்படியொரு பணித்துறை இருக்கிறது என்பதையும் அதில் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும், அதன் சுகத்தோடும் சிரமத்தோடும், அனுபவித்தவர் வாயிலாகக் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோம். அறிவியல் மையம் திருநெல்வேலியில் உள்ளது. அங்கே போய்வர எல்லாப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை.

எனவே, நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் விடுமுறை நாள்களில் ஓர் அறையை எங்களுக்கு ஒதுக்கித் தரவும், மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் ஒளிப்பதிவுக் கருவிகளையும் ஒருவரது உதவியையும் அந்நாள்களில் அளிக்கவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறோம். கேள்விகளைத் தயாரிப்பது, முதியவர்களை வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிடுவது, நடமாட இயலாதவர்களின் வீட்டுக்கே சென்று பதிவு செய்வது, பேச்சை எழுத்தாக்குவது ஆகிய வேலைகளை எங்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஊதியமின்றிச் செய்து தருவர். பதிவுகள் முடிந்ததும் ஒரு படி நூலகத்திலும் ஒரு படி தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் சேர்க்கப்பட வேண்டும். எங்களிடமுள்ள பழைய புகைப்படங்கள், கருவி உதிரிகள், சார்ட் காகிதத் துண்டுகள், பணிமுறைப் பட்டியல்கள் ஆகியவற்றை நூலகத்துக்கு அன்பளிப்பாகத் தர ஆயத்தமாக இருக்கிறோம். அவற்றுள் ஆய்வகத்துக்கு உரிமையானவை இருப்பின், வெளியிடுவதற்கு முன் உரிய இசைவு பெற்றுத் தரத் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் எழுதப்பட்டால் பேருதவியாக இருக்கும். அரசு ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் முதல்வர்களுக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் தக்க அறிவுறுத்தல் வழங்கினால், அழைக்கும் இடத்துக்கு எங்கள் சொந்தச் செலவிலேயே வந்து மாணவர்களோடு பேசுவோம்.

பெண்களின் பதிவுகளுக்கு முதலிடம் தரப்பட வேண்டும் என்பதைத் தனியாக வலியுறுத்துகிறோம். பணிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் அந்தப் பதிவேடு அத்தனை ஆண்டுகள் தடையின்றி நிரம்பியது அவர்களால்தான். இரணியல் தாயார் உட்பட, முதுமையும் நோயும் உள்ள சிலரைப் பொதுப்பதிவு தொடங்கும் வரை காத்திராமல் உடனடியாகப் பதிவு செய்ய வேண்டியுள்ளது. அதற்கு மட்டுமாவது முன்கூட்டியே ஒளிப்பதிவாளர் ஒருவரை அனுப்பிவைக்க வேண்டுகிறோம்.

அடுத்து வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எங்களில் இருவர் நேரில் வந்து விவரங்களை விளக்கத் தயாராக உள்ளனர். பதிவுக்கு இசைந்துள்ளவர்களின் பெயர், வயது, ஊர் அடங்கிய பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

இடம்: நாகர்கோவில்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ரேடியோ வானியல் ஆய்வகப் பணியாளர்களும் குடும்பத்தாரும்