வவுச்சர் வாடகை: ஆய்வில் தேறினால்தான் பணம்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் மலிவு வீடு வாங்கி, ‘செக்‌ஷன் 8’ வவுச்சர் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் வாடகை உதவி) வைத்திருக்கும் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டால் மாதா மாதம் அரசுப் பணம் வந்துவிடும் என்று அங்குள்ள நம்மவர்கள் சிலர் கணக்குப் போடுகிறார்கள். பாதிதான் சரி. குடும்பம் வருமானத்தில் சுமார் 30 சதவீதம் கொடுக்கும். மீதியை வீட்டுவசதி ஆணையம் நேரே உரிமையாளருக்கு அனுப்பும். ஆனால் ஆணையத்தின் ஆய்வில் வீடு தேறாமல் பொதுவாகப் பணம் வராது. 1978க்கு முன் கட்டியதென்றால் பெயின்ட்டில் நச்சான ஈயம் (லெட்) இருக்கலாம். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடிவந்தால், உரிந்த பெயின்ட்டைச் சரிசெய்தே ஆகவேண்டும். (பழைய வீடு மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ!) வாடகையையும் அக்கம்பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டே ஆணையம் ஒப்புக்கொள்ளும். தரகர் சொல்லும் வாடகையை விட்டுவிட்டு கூரை, குழாய், ஹீட்டரைப் பார்த்து விலை பேசுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை